பாம்புக்காதரின் ஸ்டீரியோ

புது டிவி சுவரைப் பார்த்துத்தான் பேசியது. மாப்பிள்ளை ஆசை ஆசையாக வாங்கி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனது அது. படம் என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு துல்லியம். ஆனால் அதைச் செய்த புண்ணியவான் ஒலிபெருக்கியைக் கொண்டுபோய் முதுகுப் பக்கத்தில் வைத்துத் தொலைத்திருந்தான். பேச்செல்லாம் சுவரில் முட்டி, தலை சுற்றி, போர்வைக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல வந்து சேரும். பாம்புக்காதருடைய மனைவிக்கு அதில் ஒரு குறையும் இல்லை. சமையலறையில் இருந்தபடியே முழுக் கதையையும் கேட்டுவிடுவாள். அவருக்குத்தான் ஒன்றும் விளங்காது.

டிவியைக் குற்றம் சொல்லிப் பாதிதான் பிரயோஜனம். மீதிப் பாதி அவருடைய காது. இதை அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். நாமாவது சொல்லிவிடுவோம்.

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் அவருக்குப் பெயரே பாம்புக்காதர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஒரு ஹலோ போதும், பேசுவது யார் என்று சொல்லிவிடுவார். வருஷக்கணக்கில் பேசாத ஆளாக இருந்தாலும் சரி, ஜலதோஷம் பிடித்துக் குரல் கட்டியிருந்தாலும் சரி. லைனில் இரைச்சல் என்று யாராவது புகார் சொன்னால், ஒரு கணம் காதுகொடுத்துவிட்டு, "கேபிள்ல தண்ணி இறங்கியிருக்கு, போய்ப் பாருங்க" என்பார். போய்ப் பார்த்தால் தண்ணீர்தான் இருக்கும். அதனால் புதிதாகச் சேர்ந்தவர்கள் அவர் இருக்கிற திசையில்கூட வம்பு பேச மாட்டார்கள்.

அந்தக் காதுதான் ஓய்வு பெற்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டது. ஹெட்போன் மாட்டியிருந்த பக்கம் முதலில் போனது. அடுத்த பக்கமும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. சத்தம் கேட்கும், சொல் விளங்காது. மனைவிக்கு மட்டும் தெரியும். மிஷின் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். ஊருக்கெல்லாம் பாம்புக்காதராக இருந்தவர் காதில் மிஷினோடு தெருவில் நடப்பதா? அதற்குப் பதிலாக அவர் ஒரு வித்தை பழகிக்கொண்டார். யார் எதைச் சொன்னாலும் முகத்தைக் கூர்மையாக வைத்துக்கொண்டு, "ஆமா, ஆமா, சரி" என்று தலையை ஆட்டிவிடுவது. பத்தில் ஒன்பது முறை அது செல்லுபடியாகிவிடும். உலகத்தில் பெரும்பாலான பேச்சுக்கு ஆமா போதும்.

மகளுக்குத் தெரியாது. அவள் வேறு ஊரில் இருக்கிறாள், பேசுவது போனில். போனைக் காதோடு அழுத்திப் பிடித்து, சத்தத்தை உச்சத்தில் வைத்தால் அவருக்கு நன்றாகவே கேட்கும். ஒரே இடத்திலாவது பழைய பாம்புக்காதராக இருக்க முடிகிறதே என்று அவரும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

மகளோடு ஒரு பழைய மனத்தாங்கல் வேறு இருந்தது. நல்ல வங்கி வேலையை விட்டுவிட்டு டப்பிங் பேசப் போனவள் அவள். திரையில் ஒருத்தி வாயசைப்பாள், இவள் இருட்டறையில் நின்று பேசுவாள். "வேற ஒருத்தி வாய்க்குக் குரல் வாடகைக்கு விடறதெல்லாம் ஒரு வேலையா? முகமே தெரியாத பொழப்பு!" என்று அன்றைக்கு அவர் கத்தியது தெருவரை கேட்டது. "நீங்க மட்டும் எக்ஸ்சேஞ்சுல முகத்தைக் காட்டியா வேலை பாத்தீங்க?" என்று மனைவி கேட்டாள். அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. அவள் பேசிய ஒரு படத்தையும் பார்ப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். மனைவி தனியாகப் பார்ப்பாள். மகள் போன் செய்து கேட்டால், "அப்பாவும் கேட்டாருடி, பிரமாதம்னு சொன்னாரு" என்று இவளாகவே ஒரு பொய்யைப் போட்டுவைப்பாள்; மகளும் நம்பிவிட்டதுபோல ம் கொட்டுவாள். முதல் சில வருஷம் அவருக்கு வீம்பு. வீம்பு இறங்கி, ஒரு தரம் கேட்டால்தான் என்ன என்று மனசு கேட்கத் தொடங்கியபோது, காது போயிருந்தது.

போன மாதம் மகள் அவரையே கூப்பிட்டுச் சொன்னாள். "ப்பா, ஒரு பெரிய படம். ரெண்டாவது நாயகி நர்ஸா வர்றா, அவளுக்கு நான்தான் பேசியிருக்கேன். தியேட்டருக்கு வராம, ஞாயித்துக்கிழமை மத்தியானம் நேரா டிவியிலதான் முதல் தடவையாப் போடறாங்க. இந்த ஒண்ண மட்டும் கேளுங்கப்பா. பாராட்ட வேணாம். நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னு சொல்லுங்க, போதும். மத்தவங்க எல்லாம் சும்மா சூப்பர் சூப்பர்னுதான் சொல்லுவாங்க. உங்க காதுக்குத்தான் எதுவும் தப்பாது."

"கேக்கறேன் கண்ணு. கட்டாயம் கேக்கறேன்" என்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தன்னிடம் வந்து கேட்கிறாளே என்றிருந்தது.

அன்றைக்கே படுக்கையறைப் பரண்மேல் இருந்த பழைய ஸ்டீரியோவை இறக்கினார். மரப்பெட்டியில் செய்த இரண்டு ஸ்பீக்கர், நடுவில் கனமான ஒரு ஆம்ப்ளிஃபையர். அதில் பாட்டுப் போட்டால் அவருக்கு ஒவ்வொரு சொல்லும் இன்னும் விளங்கும். டிவி சத்தத்தை இதற்குள் கொண்டுவந்துவிட்டால் முடிந்தது கதை. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆம்ப்ளிஃபையரின் முதுகில் இருந்தது சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வட்டத் துளை. டிவியின் முதுகிலோ அப்படி எதுவும் இல்லை. ஹெட்போன் துளைகூட இல்லை. ஒரு மூலையில் சின்னச் சதுரமாக ஒரு ஓட்டை, அதற்குள் சிவப்பு வெளிச்சம், அவ்வளவுதான்.

"இது என்னது, சாமி மாடத்துல விளக்கு எரியற மாதிரி?" என்றாள் மனைவி.

"சத்தம் வெளிச்சமா வருது அதுல. டிஜிட்டல்" என்றார் அவர், பெருமையாக. இவ்வளவு தெரிந்துகொள்ளப் பகல் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரே அமளி. சுவரில் வரிசையாக மாட்டியிருந்த டிவிகள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் கத்தின. வாசலில் ஹாரன். கடைக்காரர் நல்ல மனிதர். என்ன வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, டிஜிட்டல் சத்தத்தை ஸ்டீரியோவுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் ஒரு சின்னப் பெட்டியையும், வெளிச்சத்தைக் கடத்துகிற ஆப்டிகல் ஒயர் ஒன்றையும், சிவப்பு வெள்ளை ஒயர் ஒன்றையும் எடுத்து வைத்தார். பிறகு பை எடுப்பதற்காக அலமாரிப் பக்கம் திரும்பி, திரும்பினபடியே சொன்னார்:

"டிவி செட்டிங்குல டிஜிட்டல் சவுண்டுன்னு ஒண்ணு இருக்கும் சார். அதை ஆட்டோவுல விட்டுறாதீங்க, பிசிஎம்னு மாத்திருங்க. இல்லேன்னா நியூஸ் வரும், விளம்பரம் வரும், சினிமா மட்டும் வராது. சினிமா சத்தத்தை தியேட்டர் மாதிரி ஆறு ஸ்பீக்கருக்குப் பிரிச்சு அனுப்புவான். அதைப் படிக்க இந்தப் பெட்டிக்குத் தெரியாது. ஞாபகம் வெச்சுக்குங்க, பிசிஎம்."

பாம்புக்காதருக்குக் கடைக்காரரின் முதுகு தெரிந்தது, வாய் தெரியவில்லை. ஏதோ சொல்கிறார் என்பது மட்டும் விளங்கியது. "இன்னொரு தரம் சொல்லுங்க, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கடைக்காரர் திரும்பிப் பார்த்து, "புரிஞ்சுதா சார்?" என்றார்.

"ஆமா, ஆமா, சரி" என்று தலையை ஆட்டினார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையே வேலையை ஆரம்பித்துவிட்டார். ஆப்டிகல் ஒயர் டிவிக்குள் நுழையவே மாட்டேன் என்றது. திருப்பிப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார், கடைக்காரர் தன் தலையில் தப்பான சரக்கைக் கட்டிவிட்டதாகத் திட்டினார். மனைவி வந்து ஒயரின் முனையை நகத்தால் நெருடி, கண்ணாடி மாதிரி இருந்த சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். அந்தப் பக்கத்து முனையிலும் ஒன்று இருந்தது.

"பேனாவை மூடியோட வெச்சு எழுதற மாதிரி" என்றாள்.

"எனக்குத் தெரியும். தூசி போகாம இருக்கட்டும்னு விட்டு வெச்சேன்."

"தெரியுமே எனக்கும்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

ஒயர் கிளிக் என்று உட்கார்ந்தது. சின்னப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார். சிவப்பைச் சிவப்பிலும் வெள்ளையை வெள்ளையிலும் செருகினார். டிவி மெனுவில் தடவித் தடவிப் போய், சத்தம் வெளியே ஆப்டிகல் வழியாகப் போகட்டும் என்று மாற்றிவைத்தார். டிவியின் சொந்த முனகல் நின்றது. செய்திச் சேனலைப் போட்டு, ஸ்டீரியோவின் குமிழை மெல்லத் திருகினார்.

செய்தி வாசிக்கிற பெண் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

எத்தனை காலம் ஆயிற்று இப்படிக் கேட்டு! ஸவும் ஷவும்கூடத் தனித்தனியாக வந்தன. அவள் காகிதத்தைப் புரட்டுகிற சலசலப்பு கேட்டது. மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது. அவர் ஸ்பீக்கருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு, எங்கோ எண்ணெய் விலை ஏறிய செய்தியைக் கண்ணில் நீர் தளும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி அவர் தோளில் கைவைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். படத்தின் பெயர் திரையில் புகைபோல எழுந்து வந்தது. ஒரு பேருந்து மலைப்பாதையில் ஏறியது. கூட்டமாக ஆட்கள் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள்.

சத்தம் இல்லை.

முதலில் ஏதோ மௌனக் காட்சி என்று நினைத்தார். ஒருவன் மேசையை ஓங்கிக் குத்தினான். அதுவும் கேட்கவில்லை. குமிழைத் திருகினார், இன்னும் திருகினார், கடைசிவரை திருகினார். ஒயரைப் பிடுங்கி ஊதிச் செருகினார். பெட்டியைத் தட்டினார். அந்தச் சமயம் பார்த்து விளம்பர இடைவேளை வந்தது. உச்சத்தில் நின்ற குமிழ் வழியாக ஒரு சோப்பு விளம்பரம் இடிபோல வெடித்தது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மனைவி காதைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரை இடித்தார்.

"பாத்தியா, வருது!" என்றார் அவர், குமிழைக் குறைத்தபடி. "ஒயர்ல ஏதோ லூசு. இப்ப சரியாயிருச்சு."

விளம்பரம் முடிந்தது. படம் வந்தது. மறுபடி ஊமை. இப்படியே நடந்தது. பல்பொடி பேசியது, வீட்டுக் கடன் பேசியது, செருப்புக்கூடப் பாட்டுப் பாடியது. படத்தில் வருகிற ஒருத்தரும் பேசவில்லை.

"என்னங்க" என்றாள் மனைவி, அவர் முகத்துக்கு நேராக வந்து. "இந்த வம்பே வேணாம். பழையபடி டிவியிலேயே சத்தம் வர மாதிரி மாத்துங்க. அவ வர்ற இடத்துல நான் நல்லாக் கேட்டு, எப்படிப் பேசியிருக்கான்னு உங்களுக்குச் சொல்றேன்."

நியாயமான பேச்சு. செய்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். ஆனால் அந்த ஒரு சொல் அவரைச் சுட்டுவிட்டது. "எம்பொண்ணு குரலை நீ கேட்டு எனக்குச் சொல்லணுமா? அந்த நிலைமைக்கா வந்துட்டேன் நான்? நியூஸ் வந்துச்சில்ல? இதுவும் வரும். சும்மா இரு!"

இந்தப் பிடிவாதத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை என்பது அவளுக்குத் தெரியும். சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரங்களை வழக்கத்தைவிட வேகமாக அடுக்கினாள்.

அவர் தனியாக உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தார். நர்ஸ் வந்தாள். வெள்ளை உடுப்பு, களைத்த கண்கள். அவள் உதடு அசையும்போதெல்லாம் அவர் மகளின் குரலை அங்கே வைத்துப் பார்த்தார். சின்ன வயதில் கோபம் வந்தால் அவளுக்குக் குரல் மேலே போகாது, கீழே இறங்கும். அழுகை வந்தால் முதல் எழுத்து மட்டும் கரகரக்கும். நர்ஸ் சிரித்தபோது அந்தச் சிரிப்பு, நர்ஸ் அதட்டியபோது அந்த அதட்டல். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லி அழுகிற இடத்தில் அவருக்கும் அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது. ஒரு சொல்கூடக் கேட்காமல் அவர் அழுதார்.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே போன் அடித்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

"ப்பா" என்றாள் மகள். "பாத்தீங்களா?"

ஒயர் சரியில்லை கண்ணு, சத்தம் வரலை என்று சொல்லியிருக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அடுத்த தடவை போடும்போது பார்க்கிறேன் என்றால் முடிந்திருக்கும். ஆனால் இத்தனை வருஷம் கேட்காதவர் இன்றைக்கும் கேட்கவில்லை என்றால் சாக்குச் சொல்கிறார் என்றுதானே நினைப்பாள்? அந்தப் பயம் அவரைப் பிடித்துத் தள்ளியது.

"பாத்தேன், கேட்டேன், எல்லாம் ஆச்சு" என்றார்.

"நெஜமா? எப்படி இருந்துச்சுப்பா?" அவள் குரலில் ஒரு அவசரம் இருந்தது. ஆவல் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"எப்படியா? பிரமாதம்! அப்படியே உன் குரல்தான், அச்சு அசல். அந்த டாக்டரை அதட்டற எடத்துல நீ கீழ இறங்கிப் பேசின பாரு, சின்ன வயசுல என்கிட்ட கோவிச்சுக்குவியே, அதே குரல். அப்புறம் அந்த வராந்தா. சுவத்தைப் பிடிச்சுட்டு அழறாளே. அங்க உனக்கு முதல் எழுத்து லேசாக் கரகரத்துச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு கண்ணு. அப்பா ஒத்துக்கறேன். இவ்வளவு நாளா நான்தான் முட்டாளா இருந்துட்டேன்."

சொல்லச் சொல்ல அவருக்கே நெஞ்சு நிறைந்தது. பொய் சொல்கிறோம் என்பதே மறந்துவிட்டது.

"ஹலோ? கண்ணு?"

"ப்பா" என்றாள். "அது நான் இல்லப்பா."

"எது?"

"என் குரலை எடுத்துட்டாங்க. வேற யாரையோ பேச வெச்சுட்டாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இங்க அத்தை, அவரு, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரையும் கூட்டி உக்கார வெச்சு நான் படம் போட்டேன். நர்ஸ் வாயைத் தொறந்ததுமே எனக்குத் தெரிஞ்சுருச்சு. அவங்க ஒருத்தருக்கும் தெரியல. எல்லாரும் கை தட்டறாங்க. அவருகூட, 'கலக்கிட்டே'ங்கறாரு. நான் என்ன பண்ணட்டும்? சிரிச்சுட்டு உக்காந்திருந்தேன்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மனசுல ஒண்ணே ஒண்ணுதான்ப்பா. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். போன் எடுத்ததுமே, 'யாரு இவ, எம்பொண்ணு எங்க?'ன்னு கேப்பாருன்னு. அது போதும்னு இருந்துச்சு எனக்கு."

"கண்ணு, அது வந்து..."

"நீங்க பாக்கவே இல்லல்ல?"

"பாத்தேன்மா."

"பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள். லைனைத் துண்டித்துவிட்டாள்.

கதவைத் திறந்துகொண்டு அவர் உள்ளே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. மனைவி காபியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னார், ஒன்றையும் மறைக்காமல். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்புறம் கடைப் பையில் இருந்த எண்ணைப் பார்த்துக் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"அட, ஐயாகிட்ட ரெண்டு தடவை சொன்னேனேம்மா" என்று கடைக்காரர் கத்தியது பக்கத்தில் நின்ற அவருக்குக்கூடக் கேட்டது. "ஆட்டோவை எடுத்துட்டு பிசிஎம் போடச் சொன்னேன். புரிஞ்சுதான்னு கேட்டேன், தலையை ஆட்டினாரே!"

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவளே ரிமோட்டை எடுத்து, மெனுவில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து மாற்றினாள். ஒரு நிமிஷ வேலை. சேனலில் அந்தப் படத்தின் மறு ஒளிபரப்புக்கு முன்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் இரண்டும் ஒரு தரம் டப்பென்று விழித்துக்கொண்டன. நர்ஸ் வராந்தாவில் நின்று, "என்னைக் கேக்காம யாரும் உள்ளே போகக் கூடாது" என்றாள்.

"யாரு இவ?" என்றார் பாம்புக்காதர்.

அவரையறியாமல் வாயில் வந்துவிட்டது. அரை வாக்கியம்கூட முடியவில்லை, தெரிந்துவிட்டது. கனமான, பழகின குரல். நல்ல குரல்தான். ஆனால் தன் மகள் இல்லை. மனைவியும், "அவ இல்லீங்க இது" என்றாள் அதே மூச்சில். இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால் இந்த ஒரு மாற்றத்தைச் செய்திருந்தால், அல்லது வாயை மூடிக்கொண்டு மனைவியைக் கேட்க விட்டிருந்தால், அந்தக் கூட்டத்தின் கைதட்டலுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்த மகளுக்கு ஒரு துணையாவது கிடைத்திருக்கும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் போனை எடுத்தார். இனி மானம் என்ன, மரியாதை என்ன?

வெகுநேரம் அடித்த பிறகு மகள் எடுத்தாள்.

"கண்ணு, அப்பா உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்" என்றார். "எனக்குக் காது கேக்கறதில்ல. ரொம்ப நாளாவே இல்ல. டிவி பேசறது புரியறதில்ல. அதுக்காகத்தான் ஸ்டீரியோவோட சேத்தேன். அதுல ஒரு தப்புப் பண்ணிட்டேன், படத்துக்குச் சத்தமே வரல. ஊமைப் படமாத்தான் பாத்தேன். நீ பேசறதா நெனச்சுட்டு நானா சொன்னேன் எல்லாத்தையும். இப்பத்தான் சரியாச்சு. கேட்டேன். அது நீ இல்லேன்னு உடனே தெரிஞ்சுருச்சு கண்ணு, சத்தியமா."

மகள் ரொம்பத் தணிந்த குரலில், வேண்டுமென்றே தணித்து, "இப்ப நான் பேசறது கேக்குதாப்பா?" என்றாள்.

"கேக்குதே. போன்ல நல்லாக் கேக்கும், காதோட வெச்சுக்கறதால..."

"ம்."

"நெஜம் கண்ணு. உங்கம்மாவைக் கேளு." போனை மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கி, "ஆமாடி, அப்பா சொல்றது அத்தனையும் நெஜம்டி. எனக்குத் தெரியும். சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு" என்றாள்.

மகள் என்ன சொன்னாள் என்பது அவருக்குக் கேட்கவில்லை. மனைவியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது மெல்லச் சுருங்கியது. "இல்லடி, அது அப்போ... அது உனக்காகச் சொன்னது..." என்று ஏதோ தொடங்கினாள். பாதியில் போனை அவரிடமே கொடுத்தாள்.

"என்ன சொல்றா?" என்றார்.

"'அப்பா கேட்டாரு, பிரமாதம்னாரு'ன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன், இது எத்தனாவதுன்னு கேக்கறா."

அவர் போனைக் காதில் வைத்து அழுத்தினார். "கண்ணு..."

"விடுங்கப்பா" என்றாள் மகள். கோபம் இல்லை. அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. வங்கிக் கவுண்டரில் வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி அவ்வளவு இதமாக இருந்தது. "நம்பறேன். வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. காபி குடிச்சீங்களா?"

மேசைமேல் டம்ளரில் காபி ஆறி ஏடு படிந்து கிடந்தது.

"குடிச்சேன்மா" என்றார்.